இரண்டு ட்யூ பாக்கி

கொண்டாப்பூர்
19 பிப்ரவரி 2007

அக்கா,

நேற்று, 2007 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 11.40. உன் கேரம் ஃபைனலைப் பார்க்க அறைக்குள் இருந்தவர்கள் பதினான்கு பேர். என்னையும் சேர்த்து நானே எண்ணினேன். அதே நேரத்தில் மேடையில் நடந்த ஆண்கள் அரையிறுதிக்கு நூற்று அறுபத்தெட்டுப் பேர். அதை எண்ண ஆள் வைத்திருந்தேன்.

எடுத்த எடுப்பிலேயே எண்ணைச் சொல்வதற்குக் காரணம், நீ எண்ணைப் பார்க்காமல் கோபப்படுவதுதான்.

நீ ஜெயித்தாய், சந்தோஷம். மூன்றாவது கேமில் சிவப்புக் காயை எடுத்து உடனே கவரும் போட்டாயே, அதற்கு நான் மட்டும்தான் கை தட்டினேன். பிறகு மேடையில் கணேஷ்குமார் சார் லீக் கான்ட்ராக்டை நீட்டினார். நீ படித்தாய். நாலாக மடித்து அவர் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாய். அவர் என் மேனேஜர். லீக்கை நடத்துவது எங்கள் கம்பெனி. அடுத்த மாதம் என் அப்ரைசல். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ஆறு தடவை போன் செய்தேன். ஏழாவது தடவை அம்மா எடுத்து, "அவ போன்ல பேச மாட்டாளாம்டா. நீ பாதியில பாதியில பேச்சை வெட்டறியாம். பேசணும்னா எழுதச் சொல்றா" என்றாள். இந்த ஊரில் கடிதம் எழுதி ஸ்டாம்பு ஒட்டும் ஒரே சாஃப்ட்வேர் ஆள் நானாகத்தான் இருப்பேன். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். லீக்கில் ஆண்களுக்கு மாதம் பதினைந்தாயிரம், பெண்களுக்கு ஆறாயிரம். இதை யாரும் மனம் போனபடி போடவில்லை. ஒரு ஃபார்முலா இருக்கிறது. அதை எழுதியது நான். "உனக்குத்தான் கேரமும் தெரியும், கணக்கும் தெரியும்" என்று என்னிடம் கொடுத்தார்கள். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் பார்க்க வந்தார்கள், வெப்சைட்டில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள். இந்த மூன்றும்தான். ஆண் என்ற சொல்லே அதில் கிடையாது. பெண் என்ற சொல்லும் கிடையாது. சமம் என்றால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருப்பது. விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பது இல்லை.

நாச்சாரத்தில் ராஜகோபால் சாரின் வால்வு ஃபாக்டரி ஸ்டோர்ஸில் உனக்கு என்ன கொடுத்தார்கள்? ஐயாயிரத்து ஐந்நூறு. இது அதைவிட அதிகம். இரண்டு பஸ் மாற வேண்டாம், சரக்கு எண்ண வேண்டாம். உனக்குப் பிடித்த விளையாட்டை உட்கார்ந்து விளையாடலாம். இதில் எங்கே அவமானம் வந்தது?

வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு. புதுப் படிவம் உள்ளே வைத்திருக்கிறேன்.

தீபக்


திருமுல்கேரி
24 பிப்ரவரி 2007

தீபக்குக்கு,

போன் செய்ததைக்கூட எண்ணி வைத்திருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாது.

பதினான்கு சரிதான். யார் யார் என்று எண்ணினாயா? நானும் எனக்கு எதிரே விளையாடியவளும் இரண்டு. அம்பயர், ஸ்கோர் எழுதுகிறவர். அம்மா, என்னோடு கிளப்பில் விளையாடும் லலிதா, லலிதாவின் வீட்டுக்காரர். நீ. டீ கொண்டுவந்த இரண்டு பேர். மிச்சம் நாலு பேர் யாரென்று எனக்கும் தெரியாது, வெயிலுக்கு ஒதுங்கியிருப்பார்கள், ஏசி இருந்தது. விளையாடுகிறவளையே பார்க்க வந்தவளாக எண்ணியிருக்கிறாய். பெரிய மனசு.

அந்த அறை எது? கான்டீனுக்குப் பின்னால் பேப்பர் கட்டு அடுக்கி வைக்கிற அறை. ஒரு பெஞ்ச். கதவில் 'அமைதி, உள்ளே வராதீர்கள்' என்று ஒட்டியிருந்தது. அதைத் தாண்டி பதினான்கு பேர் வந்ததே எனக்கு ஆச்சரியம். உன் ஃபார்முலாவில் பெண் என்ற சொல் கிடையாதாம். ஹவ், ஆமாம், எங்கள் அறைக் கதவில்கூட 'பெண்கள்' என்று எழுதவில்லை. 'ஸ்டேஷனரி' என்றுதான் எழுதியிருந்தது.

நாச்சாரம் சம்பளத்தை நீ எடுத்திருக்க வேண்டாம். டிசம்பரில் நீ வீட்டுக்கு வந்து, வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல், "பதினஞ்சாயிரம்க்கா! அந்த ஸ்டோர்ஸ் வேலையத் தூக்கிப் போடு" என்றாய். ஜனவரி கடைசியில் தூக்கிப் போட்டேன். ராஜகோபால் சார் "யோசிச்சுக்கோம்மா" என்றார். என் தம்பி யோசித்துவிட்டான் சார் என்றேன். நீ சொன்ன பதினைந்து யாருடைய பதினைந்து என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நேற்றைய பேப்பரைப் பார்த்தாயா? விம்பிள்டனில் இந்த வருஷத்திலிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுப் பணமாம். டென்னிஸிலாவது ஆண்கள் ஐந்து செட், பெண்கள் மூன்று செட் என்று சொல்ல ஒரு சாக்கு இருந்தது. கேரமில் என்ன இருக்கிறது? அதே போர்டு. அதே பத்தொன்பது காய். அவர்களுக்கும் மூன்று கேம், எங்களுக்கும் மூன்று கேம். ஆண்களில் ஜெயித்த வெங்கடகிருஷ்ணன் ஸ்ட்ரைக்கரும் பதினைந்து கிராம், என்னுடையதும் பதினைந்து கிராம். போலாரம் கிளப்பில் பத்து வருஷமாக அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பிராக்டீஸ் செய்கிறோம். நடுவில் இருப்பது இருபத்தொன்பது அங்குலம். அதில் ஒன்பதாயிரம் எங்கேயிருந்து வந்து விழுந்தது?

ஆறாயிரம் எனக்குப் போதுமா என்பது கேள்வியே இல்லை. போதும். நாலாயிரத்திலும் இந்த வீட்டை நடத்தியிருக்கிறேன், நீ படித்துக்கொண்டிருந்தபோது.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து நக்கோ, போட மாட்டேன்.

விஜயகுமாரி


கொண்டாப்பூர்
28 பிப்ரவரி 2007

அக்கா,

எனக்கு எழுதும்போது முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போடுகிறாய். கான்ட்ராக்டில் போட்டிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

ஒவ்வொன்றாக வருகிறேன்.

விம்பிள்டனை உலகம் முழுக்க டிவியில் பார்க்கிறார்கள். நம் லீக்கை எந்த டிவியும் காட்டவில்லை. ஒப்பிடாதே.

அறை விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஏற்பாடு செய்தவர்களின் தப்பு. ஆனால் பதிவு? ஆண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பெண்கள் முப்பத்தெட்டு பேர். அறை சின்னது என்பதற்காக யாரும் பதிவு செய்யாமல் இருக்கவில்லை. வெங்கடகிருஷ்ணன் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் முதலாவது. நீ முப்பத்தெட்டில். இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உண்மை.

என்னைப் படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். அது வேறு கணக்கு, அதை இதில் போடாதே.

மற்ற ஏழு பெண்களும் கையெழுத்துப் போட்டாயிற்று. லலிதாவும். நீ ஒருத்திதான் பாக்கி. ஒருத்தி மட்டும் நின்றால் அதற்குப் பெயர் போராட்டம் இல்லை, வீம்பு.

உனக்காக ஒரு வழி யோசித்திருக்கிறேன். மார்ச் 25, ஞாயிறு சாயந்திரம், எங்கள் ஆபீஸ் பெரிய ஹாலில், மேடையில், நீயும் வெங்கடகிருஷ்ணனும் மூன்று கேம். போர்டுக்கு மேலே கேமரா, சுவரில் திரை. ஸ்டேஷனரி அறை இல்லை. நீ ஜெயித்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. கணேஷ்குமார் சாரிடம் சொன்னேன். சேரை விட்டு எழுந்துவிட்டார். "சூப்பர்ப்பா, இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

நீ ஜெயிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். சீக்கிரம் பதில் எழுது. இந்த தபாலுக்குக் காத்திருப்பது பெரிய தொல்லை.

தீபக்


திருமுல்கேரி
5 மார்ச் 2007

தீபக்,

லலிதா நேற்று வந்திருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வந்தவள் சொல்லாமலே அழுதாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோவுக்குத் தவணை கட்ட வேண்டும். எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவள் கையெழுத்தை எனக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்துகிறாயே, அதில்தான் கோபம்.

மேட்சுக்கு என் பதில்: நக்கோ.

கைக்கு, ஏன் என்று கேட்பாய். கேள். வெங்கடகிருஷ்ணன் பதினைந்து வாங்க யாரை ஜெயித்தார்? ஆண்களை. அவரை யாராவது பெண்ணோடு விளையாடிக் காட்டச் சொன்னார்களா? நான் பெண்களை ஜெயித்தால் ஆறு. பதினைந்து வேண்டுமென்றால் அதற்குமேல் ஓர் ஆணையும் ஜெயிக்க வேண்டும். அப்படி ஜெயித்தாலும் என்ன சொல்வார்கள்? "அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல்." தோற்றால்? "பாத்தியா, அதுக்குத்தான் ஆறு." நான் ஒருத்தி தோற்றால் லலிதாவின் சம்பளமும் சேர்ந்து சரியாகிவிடும். இந்த ஆட்டத்துக்கு நான் உட்கார மாட்டேன்.

இன்னொன்று. போன வாரம் திருமுல்கேரி சர்க்கிளில் இருக்கும் இண்டர்நெட் சென்டருக்குப் போனேன். நீ செய்த வெப்சைட்டைப் பார்க்கலாமென்று. ஆண்கள் என்ற இடத்தை அமுக்கினால் பெயர், படம், ஸ்கோர் எல்லாம் வருகிறது. வெங்கடகிருஷ்ணன் மீசைகூடத் தெளிவாக இருக்கிறது. மகளிர் என்ற இடத்தை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் 'விரைவில்' என்று மட்டும் போட்டிருந்தது. நான் விடாமல் அமுக்குவதைப் பார்த்து சென்டர்காரர் எழுந்து வந்தார். "மேடம், இது லிங்க்கே இல்ல. வெறும் எழுத்து. எவ்வளவு நேரம் அமுக்கினாலும் திறக்காது" என்றார். பத்து ரூபாய் வாங்கவில்லை.

எங்கள் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்ததாக உன் ஃபார்முலாவில் போட்டிருக்கிறாய்? எழுது. எண்ணாகவே எழுது.

விஜயகுமாரி


கொண்டாப்பூர்
9 மார்ச் 2007

அக்கா,

பூஜ்யம்.

பூஜ்யம் என்றுதான் போட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஜனவரியில் நேரமில்லை. ஆண்கள் பக்கத்தை முதலில் முடித்தேன். மகளிர் பக்கத்தை அப்புறம் செய்யலாமென்று 'விரைவில்' என்று போட்டு வைத்தேன். அப்புறம் வரவே இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி நான்தான் எழுதியிருந்தேன். போன மாதம் எங்கள் டீமில் சாஹித்யா என்ற பெண்ணை இதே தப்புக்காக எல்லார் முன்னாலும் திட்டினேன். "எண்ணாததும் இல்லாததும் ஒண்ணா? காலேஜ்ல என்ன படிச்சீங்க?" என்றேன். நான் என்ன படித்தேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

சரிசெய்துவிட்டேன். அந்தக் கட்டத்தை நீக்கி மறுபடி போட்டால் ஆறாயிரம் இல்லை, ஏழாயிரத்து நூற்றைம்பது வருகிறது. கணேஷ்குமார் சாரிடம் காட்டினேன். "கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சே தீபக், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். மகளிர் பக்கத்தை இந்த வாரம் முடிக்கிறேன் என்றேன். "அவசரமில்ல" என்றார்.

இதற்குமேல் சொல்ல வேண்டியது ஒன்று. நீ நக்கோ என்று எழுதியது எனக்கு ஏழாம் தேதி கிடைத்தது. போஸ்டர் ஆறாம் தேதியே அச்சுக்குப் போய்விட்டது. உன் படம் பெரிதாக இருக்கிறது. நான் உன்னைக் கேட்காமல் சரியென்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் பயந்து ஓடிவிட்டாள் என்பார்கள். என்னையும் சும்மா விட மாட்டார்கள், அது பரவாயில்லை என்று எழுத ஆசை. பரவாயில்லாமல் இல்லை.

வந்து விளையாடு. ஜெயித்துக் காட்டு. அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தீபக்


திருமுல்கேரி
26 மார்ச் 2007

தீபக்,

நேற்று நான் வந்தது உனக்காக இல்லை. உன் அப்ரைசலுக்காகவும் இல்லை. 'கிங் யார், குயின் யார்' என்று போஸ்டர் போட்டிருந்தீர்களே, அதை பஸ் ஸ்டாப்பில் பார்த்துவிட்டு லலிதாவும் கிளப்புப் பெண்களும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அக்கா, நீங்க உக்காந்தா போதும்" என்றார்கள். சரி, விளையாட்டு விளையாட்டுத்தானே, ஒழுங்காக விளையாடிவிட்டு வருவோம் என்று கிளம்பினேன். கேரம் போர்டில் கிங்கே கிடையாது என்று உன் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாதா? குயின் இருக்கிறது. அதை எடுத்தவன் அடுத்த காயைப் போட்டுக் கவர் செய்தால்தான் செல்லும். இல்லாவிட்டால் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

நீ முதல் வரிசையில் இருந்தாய். ஆனால் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் போர்டில் நான் மூன்று காய் எடுத்தேன். அவர் முறை. ஒரு காயைப் போட்டுவிட்டு, சிவப்புக் காயான குயினையும் எடுத்தார். கவருக்கு அவருடைய காய் குழி வாசலிலேயே கிடந்தது. ஊதினால் விழும். அதைத் தவற விட்டார். வெங்கடகிருஷ்ணன் தவற விட்டார்! பத்து வருஷத்தில் அந்தக் கையை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். விரலைத் திருப்பி, வேண்டுமென்றே விட்டார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் போர்டில் தூவியிருந்த பவுடரைப் பார்த்தார். பின்னால் உன் மேனேஜர் "கமான் மேடம்!" என்று கை தட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு கேம் பிச்சை போடச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நான் செய்தது உனக்குத் தெரியும். ஸ்ட்ரைக்கரை எடுத்து நேராகக் குழிக்குள் அடித்தேன். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ட்யூ, எடுத்த காயில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். வைத்தார் அம்பயர். என் முறை மறுபடி வந்தது. மறுபடி குழிக்குள். இன்னொரு காய். மறுபடி. மூன்று காயும் போயிற்று. நாலாவது தடவையும் ஐந்தாவது தடவையும் திருப்பி வைக்க என்னிடம் காயில்லை, அவை கடனாக நின்றன. முதலில் கூட்டம் உச்சுக் கொட்டியது. அப்புறம் சிரித்தது. ஐந்தாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. அம்பயர் மெதுவாக, "அம்மா, ரெண்டு ட்யூ பாக்கி" என்றார். "கம்பெனி கணக்குல எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சின்ன வயதில் தோற்றால் நீ போர்டைக் கவிழ்ப்பாய். நான் ஒரு தடவைகூடக் கவிழ்த்ததில்லை. நேற்று என்னைக் கவிழ்க்க வைத்தாய்.

அவர் விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று உனக்கு முன்னாலேயே தெரியும் என்றால் நீ என் தம்பி இல்லை. தெரியாது என்றால் நீ முட்டாள். எது என்று எழுது.

விஜயகுமாரி


கொண்டாப்பூர்
29 மார்ச் 2007

அக்கா,

முட்டாள்.

நேற்று வெங்கடகிருஷ்ணன் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். வெளியே டீக்கடைக்குக் கூட்டிவந்தார். டீயைக் குடிக்கவில்லை. "மேட்சுக்கு முன்னாடி உங்க மேனேஜர் தனியாக் கூப்பிட்டார் தம்பி. முதல் கேமை மேடத்துக்கு விட்டுடுங்க, அடுத்த ரெண்டையும் நீங்க எடுத்துக்குங்க, அப்பத்தான் கூட்டம் கடைசி வரைக்கும் உக்காரும்னார். நானும் தலையாட்டிட்டேன். உங்க அக்கா கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் பாருங்க. என் கையைப் பத்து வருஷமாப் பாக்கறவங்க" என்றார். பிறகு, "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க, பதினஞ்சாயிரம் தம்பி" என்றார்.

ஆக, முதல் கேம் உனக்கு, மேட்ச் அவருக்கு. நீ ஜெயித்துவிடலாம் என்ற சந்தேகத்துக்குக்கூட இடம் வைக்கவில்லை. நான் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தது இதற்குத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனி. அன்றைக்குக் கூட்டம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். லீக் ஆரம்பித்ததிலிருந்து எந்த ஆண்கள் மேட்சுக்கும் இதில் பாதி வரவில்லை. பெண் விளையாடினால் பார்க்க வர மாட்டார்கள் என்பதுதானே அவர்களுடைய வாதம்? என்னுடைய வாதமும்தான். ஃபார்முலாவில் இந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பெண்கள் சம்பளம் பதினெட்டாயிரத்து முந்நூறு வருகிறது. ஆண்களைவிட மூவாயிரத்து முந்நூறு அதிகம். மூன்று தடவை சரிபார்த்தேன்.

திங்கட்கிழமை இதை எடுத்துக்கொண்டு கணேஷ்குமார் சாரிடம் போகிறேன். ஆளுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம். எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தீபக்


திருமுல்கேரி
4 ஏப்ரல் 2007

தீபக்,

உன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. விளையாட்டின் கண்ணியத்தைக் கெடுத்ததற்காக மூன்று வருஷம் லீக்கில் விளையாடக் கூடாதாம். எனக்கு முப்பத்திரண்டு வயது. திரும்பி வரும்போது முப்பத்தைந்து. வேண்டுமென்றே கவரை விட்டவருக்குக் கடிதம் ஏதும் இல்லை. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. கண்ணியம் எந்தக் குழியில் விழுந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாச்சாரத்துக்குப் போயிருந்தேன். ஸ்டோர்ஸில் வேறு ஆள் வந்துவிட்டார். பாக்கிங்கில் நாலாயிரத்துக்கு இடம் இருக்கிறதாம். ராஜகோபால் சார் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். நாளையிலிருந்து போகிறேன். அம்மாவிடம் ஐந்து என்று சொல்லியிருக்கிறேன், நீ வாயை விடாதே.

நீ அனுப்பிய பதினெட்டாயிரத்து முந்நூறைப் படித்துச் சிரிப்பு வந்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேரம் பார்க்க வந்தார்களா? ஓர் ஆணிடம் ஒரு பெண் தோற்பதைப் பார்க்க வந்தார்கள். அதையும் தலையெண்ணிக் கூட்டிப் பெருக்கி எனக்குச் சம்பளம் போட்டிருக்கிறாய். ஆறு போட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

ஒருவருக்கும் நிரூபிக்காமல் வாங்குகிற பணத்துக்குத்தான் சம்பளம் என்று பெயர். வெங்கடகிருஷ்ணனுக்கு வருகிறதே, அது.

இனி எழுதாதே. வரவும் வேண்டாம்.

விஜயகுமாரி


கொண்டாப்பூர்
8 ஏப்ரல் 2007

அக்கா,

எழுதாதே என்றாய். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை போனேன். கணேஷ்குமார் சார் எண்ணைப் பார்த்தார். கோபப்படவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"இது அவுட்லயர்ப்பா. மத்த எண்ணோட ஒட்டாது. எடுத்துடு."

"எடுத்தா ஏழாயிரத்து நூத்தம்பது சார்."

"அந்த வெப்சைட் கட்டத்தைத் திரும்பப் போடு."

"அது தப்பு சார். எண்ணவே இல்ல."

"போட்டா எவ்வளவு வருது?"

"ஆறு."

"பாத்தியா, கரெக்டா வருது."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "தீபக், பட்ஜெட் நவம்பர்லயே போட்டாச்சு. ஆண்களுக்குப் பதினஞ்சு, லேடீஸுக்கு ஆறு. நாளைக்கு எவனாவது ஏன்னு கேட்டா காட்டறதுக்கு ஒண்ணு வேணாமா? அதுக்குத்தான் உன்கிட்ட குடுத்தேன். நல்லாப் பண்ணியிருந்த."

ஜனவரியில் நான் எழுதிய முதல் ஃபார்முலாவில் பெண்களுக்கு ஒன்பதாயிரத்து முந்நூறு வந்தது. "வெயிட்டேஜ் கொஞ்சம் பாரு" என்று திருப்பி அனுப்பினார். எந்த எண்ணுக்கு எவ்வளவு பங்கு என்பதை மாற்றினேன். எட்டு வந்தது. மறுபடி திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை ஆறு வந்ததும் "பர்ஃபெக்ட்" என்று பதில் போட்டார். நான் கணக்கு துல்லியமாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். விடையைப் பின்னால் வைத்துக்கொண்டு எனக்குக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து, உண்மை, கோபம் வந்தால் வரட்டும் என்று உனக்கு எழுதினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பற்றி நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். பதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பதிலே இல்லாமல் உன் கடிதத்தை நான் மூடி வைப்பது இதுதான் முதல் தடவை.

இனி செய்யப்போவது:

1. நாளைக் காலை லீக் வெப்சைட்டில் 'மகளிர் பிரிவு: விரைவில்' என்ற வரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மூன்று ஃபார்முலாவையும் போடுவேன். ஒன்பது, எட்டு, ஆறு. எது எதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டது என்ற குறிப்போடு. என் பெயரோடு. அமுக்கினால் திறக்கும்.

2. ராஜினாமா செய்ய மாட்டேன். செய்தால் 'சொந்தக் காரணம்' என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அவர்களே வெளியே அனுப்பட்டும்.

3. சாஹித்யாவிடம் மன்னிப்புக் கேட்பேன். எல்லார் முன்னாலும். முதல் வேலையாக, ஏனென்றால் பத்து மணிக்குமேல் எனக்கு அங்கே இடம் இருக்காது.

4. மேனேஜர் சொன்னதை வெங்கடகிருஷ்ணன் எழுதித் தருவாரா என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். மாட்டேன் என்றால் விட்டுவிடுவேன்.

5. ராஜகோபால் சாரிடம் உனக்காகப் பேசப் போக மாட்டேன். நேற்று அவர் நம்பரைப் போட்டுவிட்டு, அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்கு நல்லது செய்வதை நிறுத்தப் பார்க்கிறேன்.

6. வரவேண்டாம் என்றாய். ஆனாலும் அடுத்த ஞாயிறு திருமுல்கேரிக்கு வருவேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். திறந்தால் உள்ளே வந்து உட்காருவேன்.

7. நீ பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். மேலே உள்ள ஆறையும் செய்துவிடுவேன். இந்த ஏழாவது மட்டும் என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

தீபக்